மிச்சமின்றிப் பகிரும் எண்கள்

சித்தூரிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலை, திருப்பதிக்கு ஒன்றும் பீலேருக்கு ஒன்றுமாகப் பிரியும் இடத்தில் உள்ளது புத்தலப்பட்டு. அவ்வட்டாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் பலர். தோத்தாபுரி விளைச்சல் பழக்கூழ் ஆலைகளுக்குச் சென்று, அதற்குரிய தொகை கணக்கில் வரவாகும் மாதங்களில், குடும்பங்களுக்குள் பங்குக் கணக்கு தொடங்கும். அந்தக் கணக்கிலிருந்தே இந்தப் பாடத்தைத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும் எனக் கருதுகிறோம்.

பாட்டனார் வைத்த தோப்பு ஒன்று மூன்று மகன்களுக்குச் சமபங்காக வந்தது என்று கொள்வோம். இப்போது அம்மூவரும் இல்லை. மூத்தவருக்கு வாரிசு இருவர், நடுவருக்கு ஐவர், இளையவருக்கு நால்வர். ஆகவே மூத்தவர் வழியில் ஒருவருக்கு ஆறில் ஒரு பங்கு, நடுவர் வழியில் பதினைந்தில் ஒரு பங்கு, இளையவர் வழியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. தோப்பின் வருமானம் சரியாக 1,00,000 ரூபாய் என்றால், இப்பங்குகளில் ஒன்றுகூட முழு ரூபாயாக அமையாது. ஆறில் ஒன்று 16,666 ரூபாயும் மூன்றில் இரண்டு ரூபாயும் ஆகும். பைசாவுக்கு இறங்கினாலும் கணக்கு முடிவதில்லை. அதே வருமானம் 1,00,020 ரூபாயாக இருந்தால் மூத்தவர் வழியில் தலைக்கு 16,670, நடுவர் வழியில் 6,668, இளையவர் வழியில் 8,335 என்று பதினொரு பேரும் ஒரு பைசா குறையாமல் பெற்றுக்கொள்ளலாம். இந்த வேற்றுமையை உண்டாக்குவது கூடுதலான இருபது ரூபாயின் மதிப்பு அன்று. 1,00,020 என்பது 60இன் மடங்கு. இலட்சம் அவ்வாறு அன்று. கண்ணுக்கு நிறைவாகத் தோன்றும் இலட்சம், பங்கிடும்போது முரண்டு பிடிக்கிறது.

நிலத்திலும் இதே நிலைதான். ஓர் ஏக்கருக்கு 100 சென்ட். ஒரு ஏக்கரை மூவருக்குப் பிரித்து எழுதும்போது 33 சென்ட், 33 சென்ட், 34 சென்ட் என்று எழுதப்படுவதும், அந்த ஒரு சென்ட் பின்னாளில் வழக்காவதும் பலர் அறிந்ததே. அதே ஏக்கரைச் சதுர அடியில் எழுதினால் 43,560. மூவருக்கு 14,520 சதுர அடி வீதம் மிச்சமின்றிப் பிரியும். நிலம் மாறவில்லை, அளக்கும் அலகு மட்டுமே மாறியது. 100 என்ற எண்ணை மிச்சமின்றி வகுக்கக்கூடிய எண்கள் 1, 2, 4, 5, 10, 20, 25, 50, 100 ஆகிய ஒன்பது. 43,560ஐ அவ்வாறு வகுக்கக்கூடியவை எழுபத்திரண்டு. ஓர் எண்ணை மிச்சமின்றி வகுக்கும் எண்களை அதன் காரணிகள் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஓர் எண்ணுக்குக் காரணிகள் எத்தனை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள்வரை நம் நாட்டு ரூபாய்க்கு நூறு பைசா இல்லை. ஒரு ரூபாய் 16 அணா. ஓர் அணா 12 தம்பிடி. ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. 192க்குக் காரணிகள் 14. மூவருக்கு ஒரு ரூபாயைப் பகிர்ந்தால் ஆளுக்கு ஐந்து அணா நான்கு தம்பிடி, தீர்ந்தது கணக்கு. ஆனால் ஐவருக்கு அந்த ரூபாய் பிரியாது. இதற்கு நேர்மாறானது நம் பழந்தமிழ்க் கணக்கு. எண்சுவடி படித்த பெரியவர்கள் ஒன்றை 320 கூறாக்கி ஒரு கூற்றை முந்திரி என்றார்கள். நான்கு முந்திரி ஒரு காணி. பதினாறு முந்திரி ஒரு மா. இருபது முந்திரி ஒரு மாகாணி. மாகாணியையே வீசம் என்றும் சொல்வர். சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கிலும் அச்சொல் வீசமு என்று வழங்குவதால் இரு மொழியாருக்கும் அது அயலன்று. 320க்கும் காரணிகள் 14தான். ஆனால் அதில் ஐந்து அடங்கும், மூன்று அடங்காது. முந்திரியையே மீண்டும் 320 கூறாக்கிய கீழ்முந்திரியில், அதாவது ஒன்றில் 1,02,400இல் ஒரு பங்கில் போய் நின்றாலும், மூன்றில் ஒன்றைச் சரியாகச் சொல்ல இயலாது. எவ்வளவு நுண்மையாகக் கூறிட்டாலும், மூன்று இல்லாத இடத்தில் மூன்று முளைப்பதில்லை.

அப்படியானால் பங்கிடுவதற்கு மிக ஏற்ற எண்கள் எவை? இக்கேள்வியைச் சற்றுக் கூர்மையாக்கிக் கொள்ள வேண்டும். எண் பெரிதாகப் பெரிதாகக் காரணிகள் கூடுவதற்கு வாய்ப்பு உண்டு. ஆகவே வெறுமனே அதிகக் காரணிகள் உள்ள எண் எது என்று கேட்பதில் பொருள் இல்லை. தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் வென்று நிற்கும் எண்ணைத் தேட வேண்டும். அத்தகைய எண்ணை மிகுபகு எண் என்று இங்கே குறிப்போம். வரிசை இவ்வாறு தொடங்குகிறது: 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840. டஜனுக்குப் பன்னிரண்டு, நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை ஆகிய யாவும் இவ்வரிசையில் இருப்பதைக் காணலாம். 1971 வரை ஆங்கிலேயரின் பவுனுக்கு 240 பென்ஸ் இருந்தது. அதுவும் இவ்வரிசையைச் சேர்ந்ததே. நம் 192 இதில் இல்லை. ஏனெனில் அதைவிடச் சிறிய 180க்கு 18 காரணிகள் உண்டு. 100க்கோ இடமே இல்லை. பதின்மானம் எழுதுவதற்கும் கூட்டுவதற்கும் எளியது என்பதால் உலகம் அதை ஏற்றுக்கொண்டது; பகிர்வதற்கு எளியது என்பதால் அன்று.

காரணிகளை ஒவ்வொன்றாகத் தேடி எண்ண வேண்டியதில்லை. எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாக எழுதிக்கொண்டால் போதும். 2, 3, 5, 7, 11, 13 என, ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடுபவை பகா எண்கள். 60 என்பது 2² × 3 × 5. இதன் காரணி ஒன்றை அமைக்கும்போது, இரண்டை எடுக்காமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம். ஆக மூன்று வழி. மூன்றை எடுக்கலாம் அல்லது விடலாம்; இரண்டு வழி. ஐந்துக்கும் அவ்வாறே இரண்டு வழி. 3 × 2 × 2 = 12. அறுபதுக்குக் காரணிகள் பன்னிரண்டு. விதி இதுதான்: ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டி, வந்தவற்றைப் பெருக்க வேண்டும். மேலே சொன்ன 43,560 என்பது 2³ × 3² × 5 × 11². ஆகவே 4 × 3 × 2 × 3 = 72. இதில் ஏழு இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஏழு வாரிசுகள் உள்ள குடும்பம் ஓர் ஏக்கரைச் சதுர அடிக் கணக்கிலும் சரியாகப் பிரித்துக்கொள்ள முடியாது.

மிகுபகு எண்களைப் பற்றி முதன்முதலாக முழுமையான ஆராய்ச்சி செய்தவர் நம் சீனிவாச இராமானுஜன். 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அக்காலத்துக் கணக்கு ரூபாய், அணா, தம்பிடியில் நடந்தது என்பதை நினைவிற்கொண்டால், 192இன் காரணிகளோடு அவர் நாள்தோறும் பழகினார் என்று சொல்லலாம். அவ்வேலையிலிருந்துதான் அவருடைய சிந்தனை பிறந்தது என்று சொல்வது மிகையாகும். நாம் அவ்வாறு சொல்லவில்லை. 1914 மார்ச்சில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அடுத்த ஆண்டே, 1915இல், இலண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கை ஏட்டில் மிகுபகு எண்களைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை வெளிவந்தது. அறுபது பக்கங்களுக்கும் மேற்பட்டது அது. அவ்வாராய்ச்சிக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது. கும்பகோணத்திலும் சென்னையிலும் தேர்வில் தேறாமல் படிப்பை விட்டவர் அவர்.

அவர் நிறுவிய விதிகளில் முதன்மையானவற்றை நாமும் கைக்கணக்காகவே புரிந்துகொள்ளலாம். மிகுபகு எண்ணில் பகா எண்கள் 2இலிருந்து தொடங்கி இடைவெளியின்றி வரும். ஏன்? 2² × 5 ஆகிய 20ஐப் பாருங்கள். இதில் மூன்றைத் தாண்டி ஐந்துக்குப் போயிருக்கிறோம். ஐந்தை எடுத்துவிட்டு மூன்றை வைத்தால் 12 கிடைக்கும். அடுக்குகள் மாறவில்லையாதலால் காரணி எண்ணிக்கையும் மாறாது. ஆனால் எண் சிறியதாகிவிட்டது. எனவே 20 வென்ற எண் ஆக முடியாது. அவ்வாறே, சிறிய பகா எண்ணின் அடுக்கு பெரிய பகா எண்ணின் அடுக்குக்குக் குறையக் கூடாது. 2 × 3² ஆகிய 18இல் அடுக்குகளை இடம் மாற்றினால் 2² × 3, மீண்டும் 12. ஆகவே 18உம் தோற்றது. பந்தியில் முன்னிருப்பவருக்கு முதலில் பரிமாறுவதுபோல, அடுக்குகள் இரண்டிலிருந்து தொடங்கிப் படிப்படியாக இறங்கிச் செல்லும். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் ஒன்றே என்பது மூன்றாம் விதி. இதற்கு விலக்கு இரண்டே இரண்டு எண்கள்: 4, 36. முதலிரண்டு விதிகளுக்கு மேலே நாம் கண்ட இடமாற்றமே நிரூபணம். மூன்றாம் விதியின் நிரூபணம் சற்று நுட்பமானது என்பதால் இங்கே விரிக்கவில்லை.

இவ்விதிகளைக் கொண்டு இராமானுஜன் நூற்றுக்கு மேற்பட்ட மிகுபகு எண்களைக் கையால் கணக்கிட்டுப் பட்டியலாகத் தந்தார். அப்பட்டியலின் கடைசி எண்

6746328388800.

நம் முறையில் படித்தால், ஆறு இலட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. தொகையாகப் பார்த்தால் பெரிய வங்கி ஒன்றின் வைப்புத்தொகையை ஒத்தது. இதன் பகா எண் வடிவம்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. அடுக்குகள் 6, 4, 2, 2, பின்பு ஒன்றுகள் என்று படியிறங்குவதைக் காணலாம். காரணிகளை எண்ணினால் 7 × 5 × 3 × 3, இதனுடன் ஐந்து முறை 2, மொத்தம் 10,080.

பத்தாயிரத்து எண்பது காரணிகள் என்பது எவ்வளவு அரிது என்பதை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். இந்த எண்வரையுள்ள எண்களை எல்லாம் எடுத்துக்கொண்டால், ஓர் எண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ 30 காரணிகளே உள்ளன. நம் எண்ணோ அச்சராசரியைப்போல் முந்நூறு மடங்குக்கு மேல். இத்தொகையை ரூபாயாக எண்ணிக்கொண்டு இருவருக்கு, மூவருக்கு, நால்வருக்கு என்று ஒவ்வொருவராகக் கூட்டிப் பகிர்ந்துகொண்டே போனால், இருபத்தெட்டுப் பேர்வரை எத்தனை பேருக்கும் முழு ரூபாயாகப் பிரியும். முதன்முதலில் முரண்படுவது இருபத்தொன்பதில்தான். இதனுடன் ஒரே ஒரு ரூபாயைக் கூட்டினால், அவ்வெண்ணை 23 வரையுள்ள எந்தப் பகா எண்ணாலும் வகுக்க இயலாது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தாலும் குணம் இவ்வளவு வேறுபடும்.

இப்பட்டியலில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. கணக்கேடு பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பகுதி சுவையாக இருக்கும். இராமானுஜன் தந்த வரிசையில் 240940299600 என்ற எண்ணுக்கு அடுத்ததாக 321253732800 வருகிறது. முதலாவது 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23, காரணிகள் 4,800. இரண்டாவது 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23, காரணிகள் 5,376. இவ்விரண்டுக்கும் இடையில் 293318625600 என்று ஓர் எண் இருக்கிறது: 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. அதன் வடிவம் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. காரணிகள் 7 × 5 × 3 × 3 × 16 = 5,040. முந்தைய எண்ணின் 4,800ஐ இது தாண்டிவிட்டது. 5,376 உள்ள எண் வருவதற்கு முன்பே வந்துவிட்டது. ஆகவே அவ்விடத்தில் பட்டியலில் ஒரு வரி இருந்தே ஆக வேண்டும் என்பதை எவரும் ஒரு தாளில் சரிபார்த்துக்கொள்ளலாம். கணினிகள் பின்னாளில் தயாரித்த பட்டியல்களில் 293318625600 தனக்குரிய இடத்தில் நிற்கிறது.

விடுபட்ட எண்ணின் வடிவத்தைச் சற்றே உற்றுநோக்குவோம். அதன் இருபுறத்து அண்டையாரும் 23 வரை சென்றவர்கள்; ஏழை ஒருமுறை மட்டும் வைத்திருப்பவர்கள். இதுவோ 23ஐ விட்டுவிட்டு 19உடன் நின்று, அதற்கு ஈடாக ஏழை இருமுறை எடுத்துக்கொண்டது. முன்னோக்கிச் செல்லும் வரிசையில் ஓரடி பின்வாங்கி நிற்கும் எண் இது. அப்பட்டியலின் எல்லைக்குள் 19உடன் முடிவடையும் மிகுபகு எண்களில் இதுவே கடைசி. இன்னொன்றும் உண்டு. விடுபட்ட இந்த எண்ணை 23ஆல் பெருக்கினால் வருவது 6746328388800. அதாவது பட்டியலின் கடைசி வரியே. கடைசி வரியின் உள்ளேயே விடுபட்ட வரி அடங்கியிருக்கிறது!

ஆனால் இதை விதியாகக் கொண்டுவிடக் கூடாது. அதே 293318625600ஐ 19ஆல் வகுத்துப் பாருங்கள். 15437822400 வரும், காரணிகள் 2,520. இதைவிடச் சிறிய 13967553600க்கு 2,688 காரணிகள் உள்ளமையால் இது மிகுபகு எண் ஆகாது. சிறந்த எண்ணிலிருந்து ஒரு பகா எண்ணை உருவினால் மிஞ்சுவதும் சிறந்ததாகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். கணிப்பொறி ஏதுமின்றி, பன்னிரண்டு பதின்மூன்று இலக்கம்வரை அவ்வாறு நிறுத்துப் பார்த்தவர் ஒரே ஒரு வரியை விட்டார் என்பதில் நமக்கு வியப்புத் தருவது அந்த ஒரு வரி அன்று, மற்ற வரிகள்தாம்.

கட்டுரையைப் பொறுத்தவரை இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் இலண்டன் கணிதக் கழகத்துக்குப் பணமுடை. அச்சுச் செலவைக் குறைப்பதற்காக இராமானுஜன் தாம் எழுதியதில் ஒரு பகுதியை வெளியிடாமல் நிறுத்திக்கொண்டார். 1920இல் அவர் மறைந்த பின்னரும் அப்பக்கங்கள் கையெழுத்தாகவே கிடந்தன. 1988இல் அவருடைய வெளிவராத தாள்களின் ஒளிநகல் நூலில் அவை இடம்பெற்றன. பிரெஞ்சுக் கணிதர்களான ழான் லூயி நிக்கோலா, கி ரோபன் ஆகிய இருவர் குறிப்புகளுடன் 1997இல் முறையாக அச்சிட்டனர். எண்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்த பக்கங்கள் அவை.

அப்பக்கங்களில் என்ன இருந்தது? காரணிகளின் எண்ணிக்கையைக் கடந்து, காரணிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஓர் எல்லையை இராமானுஜன் அங்கே கணக்கிட்டிருந்தார். ஜெர்மானியக் கணிதர் ரீமான் 1859இல் முன்வைத்து இன்றுவரை நிரூபிக்கப்படாத கருதுகோள் ஒன்று உண்மையானால் அந்த எல்லை பொருந்தும் என்பது அவர் கண்டது. அதை அறியாமலே, 1984இல் ரோபன் இதே வழியில் ஒரு வியப்பான முடிவை எட்டினார். காரணிகளின் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு உட்பட்டிருக்கும் என்ற விதி, 5040ஐவிடப் பெரிய எல்லா எண்களுக்கும் பொருந்துமானால் ரீமான் கருதுகோள் உண்மை. ஒரே ஓர் எண் அதை மீறினாலும் கருதுகோள் பொய். 5040 அவ்வெல்லையை மீறுகிறது. அதற்குப் பின் மீறும் எண் இதுவரை எவருக்கும் அகப்படவில்லை. ரீமான் கருதுகோளை நிரூபிப்பவருக்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு என்று அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அறிவித்தது இன்னும் வழங்கப்படாமல் இருக்கிறது. அச்சுச் செலவுக்கு அஞ்சி நிறுத்தப்பட்ட பக்கங்கள் எதன் அருகே சென்றுவந்தன என்பதை இதிலிருந்து மதிப்பிடலாம்.

5040ஐப் பற்றி ஒரு வார்த்தை. இதுவும் மிகுபகு எண்ணே, காரணிகள் 60, ஒன்றிலிருந்து பத்துவரை எல்லாமே அவற்றில் அடங்கும். கிரேக்க அறிஞர் பிளேட்டோ தாம் கற்பனை செய்த நகருக்கு 5040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்று எழுதினார். நிலத்தைப் பங்கிடவும் வரி விதிக்கவும் படை திரட்டவும் இவ்வெண் வசதியானது என்பது அவர் கூறிய காரணம். பதினொன்றால் மட்டும் வகுபடாதே என்ற குறைக்கும் விடை வைத்திருந்தார்: இரண்டு குடும்பத்தைக் கழித்துவிட்டால் 5038, அது பதினொன்றால் வகுபடும். அந்த இரண்டு குடும்பத்தாரின் கருத்தை அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

பகிர்வதற்கு ஏற்ற எண்களை இதுவரை கண்டோம். வங்கிக்கு இவற்றுக்கு நேரெதிரான எண்களும் வேண்டும். 8640 என்ற எண்ணுக்கு 56 காரணிகள். அதற்கு ஏழு குறைவான 8633ஐ எடுத்துக்கொண்டு அதன் காரணிகளைத் தேடிப் பாருங்கள். இரண்டு வகுக்காது, மூன்று வகுக்காது, ஐந்து, ஏழு, பதினொன்று எதுவும் வகுக்காது. ஒவ்வொரு பகா எண்ணாக முயன்று சலித்து 89ஐ எட்டும்போதுதான் வழி திறக்கும்: 89 × 97 = 8633. காரணிகள் 1, 89, 97, 8633 என நான்கே. பெருக்குவதற்கு ஒரு நிமிடம்; பிரிப்பதற்கு அரை மணி. இந்த ஏற்றத்தாழ்வையே பூட்டாக்கலாம் என்று 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் என்ற மூவர் காட்டினர். இணைய வழி வங்கிச் சேவையில் நெடுங்காலமாகப் பயன்படும் முறைகளுள் அது ஒன்று. அதில் பயன்படும் எண்ணுக்கு இன்று வழக்கமாக 617 இலக்கங்கள்; காரணிகளோ நான்கு மட்டுமே. எண்ணை உலகறிய வெளியிடலாம். அதன் உள்ளிருக்கும் இரண்டு பகா எண்களை அறிந்தவரிடம் மட்டுமே சாவி இருக்கும்.

அவ்வளவு பெரிய பகா எண்களைத் தேடிப் பிடிப்பது எப்படி என்ற ஐயம் எழலாம். ஓர் எண் பகா எண்தானா என்பதை அறிய அதன் காரணிகளைத் தேட வேண்டியதில்லை. வேறு சோதனைகள் உண்டு. அச்சோதனையை எந்தக் கருதுகோளின் துணையுமின்றி, ஐயத்துக்கு இடமின்றி, கட்டுக்கடங்கிய காலத்தில் செய்து முடிக்க முடியும் என்று 2002இல் நிறுவியவர்கள் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவர். ஆனால் பகு எண் என்று தெரிந்துகொள்வது வேறு. அதன் காரணிகளைக் கண்டெடுப்பது வேறு. இரண்டாவதற்கு இன்றைய கணினிகளில் எளிய வழி எதுவும் வெளிப்படவில்லை. இந்த முறையைச் சோதிப்பதற்கென்று வெளியிடப்பட்ட 250 இலக்க எண் ஒன்று 2020 பிப்ரவரியில் பிரிக்கப்பட்டது. பல கணினிகள் பகிர்ந்து செய்த அவ்வேலையை ஒரே செயலி செய்திருந்தால் ஏறத்தாழ 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும். நம் பூட்டின் எண் அதைவிட 367 இலக்கம் நீளமானது.

இதனால்தான் இணையக் கணக்குகளில் நேரும் திருட்டுகளில் எவரும் இந்த எண்ணை உடைத்து உள்ளே வருவதில்லை. தொலைபேசியில் அழைத்து ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டே வருகிறார்கள். அவர்களுக்கு 617 இலக்கங்களைப் பிரிப்பதைவிட ஆறு இலக்கங்களைக் கேட்டுப் பெறுவது எளிது.

பகுத்தற்கரிய எண்ணின் காலமும் எல்லையற்றது அன்று. குவாண்டம் கணினி என்ற புதிய வகைக் கணினி போதிய வலிமையுடன் உருவானால் இத்தகைய எண்களை விரைவில் பிரித்துவிடலாம் என்று பீட்டர் ஷோர் 1994இலேயே காட்டிவிட்டார். அவ்வளவு வலிமையுள்ள கணினி இன்னும் உருவாகவில்லை. எனினும் முன்னேற்பாடாக, காரணிப் பகுப்பைச் சாராத புதிய பூட்டு முறைகளை அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. உலகெங்கும் வங்கிகள் படிப்படியாக அவற்றுக்கு மாறும்போது, நான்கே காரணிகள் கொண்ட 617 இலக்க எண்கள் பூட்டுப் பணியிலிருந்து ஓய்வு பெறும். புத்தலப்பட்டில் தோப்புப் பங்கு பிரிப்பவர்களுக்கு அறுபதின் மடங்கு அப்போதும் வேண்டியிருக்கும்.